ஸ்டெல்த்தா, வலையா, டம்மியா, மௌனமா? நெட்வொர்க் போர்ல ஒளிய எதுக்கு முதல்ல காசு போடணும்

ஒரு நாட்டுக்கு நடுத்தரமான ராணுவ பட்ஜெட் இருக்குன்னு வச்சுக்கோங்க. பீரங்கி இருக்கு, டேங்க் இருக்கு, ஏர் டிஃபென்ஸ் இருக்கு, கொஞ்சம் ஃபைட்டர் விமானமும் இருக்கு. எதிரி சாட்டிலைட், ட்ரோன், ரேடார், ரேடியோ சிக்னல் ஒட்டுக்கேக்குற கருவி எல்லாத்தையும் ஒரே நெட்வொர்க்ல கோத்து வச்சிருக்கான். அவன் கண்ணுல படாம தப்பிக்க நாலு வழி இருக்கு: ரேடார்ல அவ்வளவா சிக்காத ஸ்டெல்த் விமானம், நல்ல உருமறைப்பு வலையும் பெயிண்ட்டும், டம்மி, அப்புறம் சிக்னல் விடாம அமைதியா இருக்குறது. இதுல எதுக்கு முதல் ரூபாய் போகணும்? ஆன்லைன்ல பாதிப் பேர் உடனே "ஸ்டெல்த் ஃபைட்டர் வாங்குங்க"ன்னு சொல்லிடுறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல, ஏன்னு விவரமாவே சொல்றேன்.

முதல்ல என்ன மாறியிருக்குன்னு பாக்கணும். முன்னாடி எல்லாம் ஒரு ரேடார்கிட்ட இருந்து ஒளிஞ்சா போதும், இல்ல ஒரு உளவு விமானத்தோட கேமராகிட்ட இருந்து ஒளிஞ்சா போதும். இப்ப உக்ரைன்ல டெல்டான்னு ஒரு சிஸ்டம் ஓடுது, ட்ரோன் வீடியோ, சாட்டிலைட் படம், ஒட்டுக்கேட்ட தகவல், ஊர்க்காரங்க அனுப்புற தகவல் எல்லாம் ஒரே மேப்புல வந்து விழுது. ஒரு ரேடியோ சிக்னல் வந்த திசை மட்டும் வச்சு எதுவும் அடிக்க முடியாது, தெர்மல் கேமராவுல தெரிஞ்ச ஒரு மங்கலான சூடு மட்டும் வச்சும் முடியாது, ஆனா ரெண்டும் ஒரே தோப்புல வந்து சேர்ந்துச்சுன்னா கொஞ்ச நேரத்துல அங்க குண்டு விழுந்துடும். ரஷ்யா பக்கமும் இதே கதைதான். அதனால ஒரு சென்சாரை ஏமாத்துற பொருளை வாங்கிட்டு நிம்மதியா தூங்க முடியாது, கண்ணு நாலு இருக்கும்போது ஒரு கண்ணை மட்டும் மறைச்சு பிரயோஜனம் இல்ல.

ஸ்டெல்த் விமானத்துல இருந்து ஆரம்பிக்கலாம், ஏன்னா காசு அதிகம் கேக்குறது அதுதான். ரேடார் கணக்குல ஒரு கொடுமையான விதி இருக்கு, எவ்வளவு தூரத்துல தெரியுதோ அது ரேடார் குறுக்குப் பரப்போட (அதாவது ரேடாருக்கு அந்த விமானம் எவ்வளவு பெருசா தெரியுதுங்குற அளவு) நாலாம் மூலத்தைப் பொறுத்தது. அதாவது தெரியுற தூரத்தைப் பாதியாக்கணும்னா அந்தப் பரப்பை 16 மடங்கு குறைக்கணும், பத்துல ஒண்ணாக்கணும்னா 10,000 மடங்கு. 400 கிலோமீட்டர்ல தெரியுற விமானத்தை 40 கிலோமீட்டர்ல தெரியுற மாதிரி பண்ண அவ்வளவு பாடு. இதுக்காகத்தான் உடம்பு முழுக்க கோணம் பாத்து வடிவமைக்கிறது, ரேடார் அலையை உறிஞ்சுற பூச்சு, குண்டுகளை வயித்துக்குள்ள வைக்கிறது, பேனல் இடுக்கு கூட விடாம அடைக்கிறது எல்லாம். இதுக்கான கணக்கை 1962-லயே சோவியத் விஞ்ஞானி பியோத்தர் உஃபிம்ட்சேவ் எழுதிட்டாரு, அதை எடுத்து விமானமாக்குனது அமெரிக்காவோட லாக்ஹீட், எஃப்-117 முதல்ல பறந்தது 1981-ல.

அந்த எஃப்-117-ஐத்தான் 1999 மார்ச் 27 ராத்திரி செர்பியாவுல புத்யானோவ்சி கிராமத்துக்கிட்ட சுட்டு வீழ்த்தினாங்க. சுட்டது எஸ்-125 நேவா ஏவுகணை, 1960-களோட ஆயுதம். இந்தச் சம்பவத்தைச் சொல்லும்போது எல்லாரும் "பழைய ரேடார் ஸ்டெல்த்தைத் தோக்கடிச்சுது"ன்னு முடிச்சிடுறாங்க, ஆனா அந்த ஏவுகணைப் பேட்டரியோட (படைப்பிரிவோட) கமாண்டர் சோல்தான் டானி பண்ண வேலை அதை விட ரொம்ப சுவாரஸ்யம். அவர்கிட்ட பி-18 ரேடார் இருந்துச்சு, அதோட அலைநீளம் கிட்டத்தட்ட 2 மீட்டர். விமானத்தோட வால், இறக்கை முனை மாதிரி பாகங்கள் அளவுல அந்த அலைநீளமும் இருக்குறதால, கோணம் பாத்து செதுக்கின வடிவம் அங்க அவ்வளவா எடுபடாது. ஆனா இந்த வகை ரேடார் "இங்க எங்கயோ இருக்கு"ன்னு மட்டும்தான் காட்டும், ஏவுகணையை வழிநடத்துற துல்லியம் கிடையாது. துல்லியமான ரேடாரை டானி தன் ஆளுங்களை 20 செகண்டுக்கு மேல ஆன் பண்ண விடல, ஆன் பண்ணா அமெரிக்க ஏவுகணை அந்த சிக்னலைப் புடிச்சு வந்துடும்னு தெரியும். சுட்டாலும் சரி, சுடாட்டாலும் சரி, பேட்டரியை இடம் மாத்திக்கிட்டே இருந்தாரு. பழைய விமானங்களோட ரேடாரை எல்லாம் எடுத்து டம்மி சிக்னல் விட வச்சாரு. அதாவது ஸ்டெல்த்தை வீழ்த்தினவர் கையில இருந்தது மௌனமும் நகர்வும் டம்மியும்.

அதுக்காக ஸ்டெல்த் வேஸ்ட்டுன்னு நான் சொல்ல வரல. அந்த 78 நாள் கொசோவோ போர்ல 38,000-க்கு மேல பறப்புகள் நடந்தும் நேட்டோ சண்டையில இழந்த ஆள் ஓட்டுற விமானம் ரெண்டே ரெண்டுதான், இன்னொண்ணு எஃப்-16. எதிரி வீட்டுக்குள்ள போய் ஆழமா அடிக்கணும்னா இன்னிக்கும் ஸ்டெல்த்துக்கு ஈடு எதுவும் இல்ல. ஆனா 2025 ஜூன் 22 ஈரான் மேல அமெரிக்கா நடத்துன தாக்குதலைப் பாருங்க, ஏழு பி-2 ஸ்டெல்த் குண்டுவீச்சு விமானம், 14 பெரிய பங்கர் குண்டு, கூட இன்னும் நூத்துக்கும் மேல விமானங்கள். உலகத்துலயே விலை அதிகமான ஸ்டெல்த் விமானத்தை வச்சிருக்கிறவங்க அன்னிக்கு இன்னொரு பி-2 கூட்டத்தை பசிஃபிக் பக்கமா மேற்கே பறக்க விட்டாங்க, எல்லாரும் குவாம் போறாங்கன்னு நம்பி அந்தப் பக்கமே பாத்துட்டு இருந்தாங்க, நிஜமான விமானங்கள் கிழக்கே சத்தமில்லாம போயிடுச்சு. பி-2 கையில இருந்தும் டம்மி தேவைப்பட்டுச்சு, இதை நான் ரொம்ப முக்கியமா பாக்குறேன்.

இன்னொரு விஷயம், ஸ்டெல்த் விமானம் நெட்வொர்க்ல பேசணும்னா ரேடியோ விடணும். விமானங்கள் ஒண்ணோட ஒண்ணு தகவல் பரிமாறிக்கிற சாதாரண லிங்க்-16 ரேடியோ நாலாபக்கமும் சிக்னல் சிந்தும், அதனாலதான் எஃப்-35-க்கு தனியா ஒரு குறுகலான திசையில மட்டும் பேசுற டேட்டாலிங்க் பண்ணாங்க. வடிவத்துக்குக் காசு போட்டா மட்டும் பத்தாது, பேசுற முறைக்கும் போடணும், பராமரிப்புக்கும் போடணும், பூச்சு கெடாம பாத்துக்கிற ஹேங்கருக்கும் போடணும். ஒரு எஃப்-35ஏ விலை மட்டுமே சுமார் 80 மில்லியன் டாலர். நடுத்தர பட்ஜெட்காரனுக்கு இது கடைசியில வர வேண்டிய செலவு.

அடுத்தது வலையும் பெயிண்ட்டும். இதை சாதாரணமா நினைக்கிறாங்க, ஆனா இதுல இருக்குற அறிவியல் நிறைய. நம்ம கண்ணுக்கு இலையும் பச்சை, பச்சை பெயிண்ட்டும் பச்சை. நம்ம கண்ணுக்குத் தெரியாத நியர் இன்ஃப்ராரெட் ஒளியைப் பாக்குற கேமராவுல பாத்தா இலை பளிச்சுன்னு தெரியும், சாதாரண பெயிண்ட் கருப்பா தனியா நிக்கும், அதனால ராணுவ பெயிண்ட்டுல இலை மாதிரியே அந்த அலைநீளத்தைத் திருப்பி அனுப்புற நிறமி சேக்குறாங்க. அடுத்து தெர்மல், அலைநீளம் 3-லருந்து 5 மைக்ரானும் 8-லருந்து 12 மைக்ரானும். இங்க நிறத்துக்கு வேலையே இல்ல, சூடுதான் கணக்கு. அதுக்கு மேல ரேடார். வலையில மின்சாரம் கடத்துற நூல் கலந்து நெய்து ரேடார் அலையைச் சிதறடிக்கிறாங்க. இது மூணையும் ஒண்ணா செய்யுற வலைதான் மல்டிஸ்பெக்ட்ரல் வலை, ஸ்வீடனோட சாப் கம்பெனி பாராகுடான்னு விக்குது, அமெரிக்க ராணுவம் 2018-ல ஃபைப்ரோடெக்ஸ் கம்பெனியோட பத்து வருஷத்துக்கு 480 மில்லியன் டாலர் வரைக்கும் ஒப்பந்தம் போட்டுச்சு. இந்தியாவுல கான்பூர்ல இருக்குற டிஆர்டிஓ ஆய்வகமும் இந்த மாதிரி வலை பண்ணுது.

வலை நல்ல பொருள்தான், வாங்கணும்தான். ஆனா அதுக்கு ஒரு எல்லை இருக்கு. பீரங்கி பத்து ரவுண்டு சுட்டா குழாய் சூடாகி வலைக்குள்ள இருந்தும் தெரியும். டேங்க் ஓடிப் போய் வலைக்குள்ள நின்னா, அது போன தடம் மண்ணுல அப்படியே கிடக்கும், ரேடார் சாட்டிலைட் நேத்தைய படத்தையும் இன்னிக்குப் படத்தையும் ஒப்பிட்டு அந்தத் தடத்தைக் கண்டுபிடிச்சிடும், மேகம் இருந்தாலும் ராத்திரி ஆனாலும் அதுக்குக் கவலை இல்ல. 2022 ஆகஸ்ட்ல உக்ரைன்ல பிரித்துலா அறக்கட்டளை பொதுமக்கள் கொடுத்த காசுல ஐஸ்ஐ (ICEYE) நிறுவனத்தோட ரேடார் சாட்டிலைட்டையே ராணுவத்துக்கு எடுத்துக் கொடுத்துச்சு, இந்தத் தொழில்நுட்பம் அவ்வளவு கைக்கெட்டுற விஷயமா ஆயிடுச்சு. அப்புறம் தெர்மல் போர்வை, முழுசா சூட்டை மறைச்சா அந்த இடம் சுத்தியுள்ள மண்ணை விட ஜில்லுன்னு கருப்புத் திட்டா தெரியும். போர்வைக்குள்ள இருக்குற சிப்பாயை அந்தக் கருப்புத் திட்டை வச்சே ட்ரோன்காரன் புடிக்கிற வீடியோக்களைப் பாத்தா மனசு கனத்துப் போகும். பாவம், மறைஞ்சுட்டோம்னு நம்பித்தானே அவன் அந்தப் போர்வையைப் போத்திக்கிட்டான்.

2011-ல பிஏஇ சிஸ்டம்ஸோட ஸ்வீடன் பிரிவு அடாப்டிவ்னு ஒண்ணு காட்டுச்சு, கவச வண்டி மேல ஆறுகோண ஓடுகளை ஒட்டி ஒவ்வொண்ணையும் தனித்தனியா சூடாக்கி குளிராக்கி, தெர்மல் கேமராவுல அந்த வண்டியை ஒரு கார் மாதிரி, பசு மாடு மாதிரி காட்டினாங்க. அருமையான யோசனை. ஆனா இத்தனை வருஷமாகியும் படைகள் அதைப் பெரிய அளவுல எடுத்துக்கல, மின்சாரம், எடை, விலைன்னு எல்லாம் தடுக்குது. இப்போதைக்கு இதுக்கு நான் காசு ஒதுக்க மாட்டேன்.

டம்மி பக்கம் வரேன், எனக்கு மனசு இங்கதான் நிக்குது. சோளக்கொல்லை பொம்மையைப் பாத்து குருவி ஒரு நிமிஷம் தயங்குதுல்ல, அந்தத் தயக்கத்தை வாங்குறதுதான் டம்மியோட வேலை. நெட்வொர்க் எவ்வளவு வேகமோ அவ்வளவு வேகமா தப்பான முடிவும் எடுக்கும், அது அதோட பலவீனம்.

கொசோவோ போரையே எடுத்துக்கோங்க. செர்பிய ராணுவம் மரக்கட்டையில பழைய லாரி சக்கரத்தை மாட்டி பீரங்கின்னு நிறுத்தி வச்சுது, பிளாஸ்டிக் ஷீட்டை ஆத்துக்குக் குறுக்கே கட்டி பாலம்னு காட்டுச்சு. நேட்டோ முதல்ல 120 டேங்க் வரைக்கும் அடிச்சதா சொல்லி அப்புறம் 93-னு குறைச்சுது, அமெரிக்க விமானப்படைக் குழு நேர்ல போய்த் தேடினப்ப கிடைச்சது 14-தான்னு 2000-ல பத்திரிகையில வந்துச்சு. எந்த எண்ணை எடுத்தாலும் சரி, ஜூன் மாசம் செர்பிய டேங்க்குகள் வரிசையா கொசோவோவை விட்டு வெளிய போனதை உலகமே டிவியில பாத்துச்சு.

உக்ரைன்ல இதை இன்னும் ஒழுங்கா பண்ணாங்க. 2022-ல அமெரிக்கா கொடுத்த ஹைமார்ஸ் ராக்கெட் லாஞ்சர் மாதிரி மரத்துல செஞ்சு நிறுத்தி, ரஷ்யா அதுங்க மேல குறைஞ்சது பத்து கலிப்ர் ஏவுகணையாவது செலவழிச்சதா செய்தி வந்துச்சு. மெட்இன்வெஸ்ட்னு ஒரு இரும்பு கம்பெனி பிளைவுட், பழைய பைப், தகடு வச்சு டம்மி பீரங்கி பண்ணிக் கொடுக்குது, சூடும் ரேடார் பிரதிபலிப்பும் நிஜம் மாதிரியே வரணும்னு பாத்துப் பண்றாங்க. ஒரு டம்மி எவ்வளவு சீக்கிரம் அடிவாங்குதோ அவ்வளவு நல்ல டம்மின்னு அவங்க கணக்கு. செக் நாட்டு இன்ஃப்ளாடெக் காத்தடைக்கிற டேங்க்கும் லாஞ்சரும் விக்குது, சில பேர் போதும் எடுத்துட்டுப் போய் ஊத.

ரஷ்யா வானத்துல இதே வேலையைப் பண்ணுது. குண்டோட போய் மோதி வெடிக்கிற ஷாஹெத் ட்ரோன்களோட கூட கெர்பெரான்னு பிளைவுட்டும் ஃபோமும் சேர்ந்த மலிவு ட்ரோனை அனுப்புது, சிலதுல லூன்பெர்க் லென்ஸ்னு ஒரு சின்ன உருண்டை. அந்த உருண்டை ரேடார் அலையை வந்த திசையிலயே திருப்பி அனுப்பும், அதனால குட்டி ட்ரோன் ரேடார்ல பெருசா தெரியும். இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. பெரிய விமானத்தைச் சின்னதா காட்ட நாலாம் மூலக் கணக்கோட போராடி கோடிக்கணக்குல கொட்டணும், சின்னதைப் பெருசா காட்ட ஒரு லென்ஸ் போதும். இயற்பியலே டம்மி பக்கம் நிக்குது.

டம்மியால எதிரியைப் பேச வைக்கவும் முடியும். 1982-ல லெபனான்ல இருக்குற பெக்கா பள்ளத்தாக்குல இஸ்ரேல் ஆளில்லா விமானங்களை அனுப்பி சிரியா ரேடார்களை ஆன் பண்ண வச்சு அப்புறம் அடிச்சுது. 2020-ல அஜர்பைஜான் பழைய அன்-2 விமானங்களை ஆளில்லாம பறக்க விட்டு ஆர்மீனியாவோட ஏர் டிஃபென்ஸ் எங்க இருக்குன்னு பாத்துச்சு.

ஆனா டம்மிக்கும் வேலை செய்யாத இடம் இருக்கு. முன்வரிசையில இருந்து 15, 20 கிலோமீட்டருக்குள்ள எஃப்பிவி ட்ரோன் (கேமரா வழியா பாத்து ஆள் ஓட்டுற குட்டி வெடிகுண்டு ட்ரோன்) பக்கத்துல வந்து சுத்திப் பாத்துட்டு அடிக்கும், நாலு மீட்டர்ல வச்சுப் பாத்தா பிளைவுட் பிளைவுட்தான். அதோட சில நூறு டாலர் ட்ரோனை டம்மி மேல வீணாக்கினா எதிரிக்குப் பெரிய நஷ்டமும் இல்ல. டம்மியோட ராஜ்ஜியம் அதுக்குப் பின்னாடி, விலை அதிகமான ஏவுகணையும், ரஷ்யாவோட லான்செட் தாக்குதல் ட்ரோன் மாதிரி ஆயுதமும் வேட்டையாடுற தூரத்துல. அதுவும் நெட்வொர்க் எதிரின்னா டம்மி வெறும் உருவமா இருந்தா பத்தாது, சூடு வேணும், சிக்னல் வேணும், தடம் வேணும், ஆள் வந்து போற மாதிரி தெரியணும். ரஷ்யா எங்கெல்ஸ் தளத்துல குண்டுவீச்சு விமானத்தோட படத்தைத் தரையில பெயிண்ட் அடிச்சு வச்சது, டியூ-95 இறக்கை மேல டயர் அடுக்குனது எல்லாம் படம் பாத்து இலக்கை அடையாளம் காணுற ஏவுகணைக்குக் கொஞ்சம் குழப்பம் கொடுத்திருக்கலாம். 2025 ஜூன் 1 உக்ரைன் லாரியில இருந்து ட்ரோன்களைக் கிளப்பி விமான தளங்களுக்குள்ளயே புகுந்தப்ப அந்த டயரும் பெயிண்ட்டும் காப்பாத்தல.

கடைசி வழி மௌனம். இதுக்குக் காசு கம்மி, ஒழுக்கம் ஜாஸ்தி, அதனாலதான் யாருக்கும் புடிக்கிறது இல்ல. 2020-ல ஒரு அமெரிக்க கர்னல், கலிஃபோர்னியா பாலைவனத்துல பயிற்சியில இருந்த பட்டாலியனோட ரேடியோ சிக்னல்களை மேப்புல போட்டு வெளியிட்டாரு, வண்டி எல்லாம் வலைக்குள்ள அழகா மறைஞ்சிருக்கு, ஆனா அந்த மேப்புல மொத்தப் படையும் தீபாவளி ராத்திரி மாதிரி எரியுது. 2014 ஜூலை 11 ஸெலெனோபில்யாவுல உக்ரைன் முகாம் மேல ராக்கெட் மழை விழுந்து 30 பேருக்கு மேல செத்தாங்க, அதுக்கு அப்புறம்தான் மேற்கத்திய ராணுவங்கள் எதிரி படையைக் கண்டுபிடிச்ச உடனே அடிக்கிறதைப் பத்தி தீவிரமா பேசவே ஆரம்பிச்சுது.

2023 புத்தாண்டு ராத்திரி மக்கியிவ்காவுல ரஷ்யப் பக்கம் நடந்தது அதை விட கொடுமை. புதுசா படையில சேத்த பசங்களை ஒரே கல்லூரிக் கட்டடத்துல அடைச்சு வச்சிருந்தாங்க, ஹைமார்ஸ் விழுந்துச்சு, ரஷ்யா ஒத்துக்கிட்ட கணக்கே 89 பேர். பசங்க தடையை மீறி செல்ஃபோன் பயன்படுத்துனதுதான் முக்கிய காரணம்னு ராணுவ அமைச்சகம் சொல்லுச்சு. புத்தாண்டுக்கு அம்மாகிட்ட பேசணும்னு நினைக்கிற பசங்க மேல பழியைப் போட்டுட்டு, நூத்துக்கணக்கானவங்களை ஒரே கூரைக்கு அடியில வச்ச ஆஃபீசரை விட்டுடுறது அநியாயம். மௌனம்னா செல்ஃபோனைப் பிடுங்கறது மட்டும் கிடையாது, கூட்டமா சேராம பிரிஞ்சு இருக்குறதும், கமாண்ட் போஸ்ட்டைச் சின்னதா வச்சு அடிக்கடி மாத்துறதும், ஆன்டெனாவைக் கேபிள் போட்டு ஆளுங்க இருக்குற இடத்துல இருந்து தள்ளி வைக்கிறதும், ஜெனரேட்டரைப் புதைச்சு வைக்கிறதும் எல்லாம் சேர்ந்ததுதான். சுட்ட உடனே நகர்றதும் இதோட சேரும். ஆர்ச்சர் மாதிரி சக்கர பீரங்கி வண்டி நின்னு சுட்டுட்டு ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல கிளம்பிடும், இழுத்துட்டுப் போற எம்777 பீரங்கியால அது முடியாது, அதான் லான்செட்டுக்கு அது நிறைய இரையாச்சு.

மௌனத்துக்கும் ஒரு எல்லை வந்துட்டு இருக்கு. 2024-ல இருந்து ஃபைபர் ஆப்டிக் கேபிளை அவுத்துக்கிட்டே போற எஃப்பிவி ட்ரோன் ரெண்டு பக்கமும் பரவிடுச்சு, அது ரேடியோவே விடாது, ஜாம் பண்ணவும் முடியாது, அது வர்றதை சிக்னல் வச்சுக் கண்டுபிடிக்கவும் முடியாது. ரோட்டோரமா உக்காந்து வண்டிக்குக் காத்திருக்கும், நாம சிக்னல் விடாம போனாலும் பாத்து அடிச்சிடும். அதனாலதான் உக்ரைன்ல ரோடு மேல பந்தல் மாதிரி வலை கட்டி அதுக்குள்ள வண்டி ஓட்டுறாங்க, பிரான்ஸோட பிரிட்டனி மீனவங்க பழைய மீன்வலையை அனுப்பி வைக்கிறாங்க. அது உருமறைப்பு வலை இல்ல, ட்ரோனோட இறக்கையைச் சிக்க வைக்கிற வலை, ஆனா இப்ப முன்வரிசைல உயிரைக் காப்பாத்துறதுல அதுக்கும் பங்கு இருக்கு.

இப்ப முடிவுக்கு வருவோம். நான் முதல் ரூபாயை மௌனத்துக்கும் நகர்வுக்கும் தருவேன், அதாவது பயிற்சிக்கு, நல்ல ரேடியோவுக்கு, சக்கர பீரங்கிக்கு. இது இல்லாம மத்த மூணும் வீண், சத்தம் போடுற முகாமுக்கு மேல எவ்வளவு விலையான வலையைப் போத்தினாலும் நெட்வொர்க் கண்டுபிடிச்சிடும். ரெண்டாவது ரூபாய் டம்மிக்கும் வலைக்கும் சேர்த்து, தனித்தனியா இல்ல. நிஜத்துக்கு வலை போட்டு மங்கலாக்கி, டம்மிக்கு வலையை அரைகுறையா போட்டு கொஞ்சம் தெரிய விட்டா, எதிரிக்கு ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், அப்பதான் அவன் சந்தேகப்படுவான். முன்வரிசையில தோண்டி உள்ள போறதும் வலையும் முக்கியம், அதுக்குப் பின்னாடி டம்மி முக்கியம், இந்த தூரக் கணக்கு ரொம்ப அவசியம். ஸ்டெல்த் விமானம் மூணாவது, எதிரி எல்லைக்குள்ள ஆழமா போக வேண்டிய தேவை இருக்குற நாட்டுக்கு மட்டும்.

இந்தியாவுக்கு அந்தத் தேவை இருக்கு, பக்கத்துல சீனா ஜே-20 ஸ்டெல்த் ஃபைட்டரை பறக்க விட்டுட்டு இருக்கு, அதனால 2024 மார்ச்ல இந்தியாவோட சொந்த ஸ்டெல்த் ஃபைட்டரான ஆம்கா திட்டத்துக்கு 15,000 கோடி ஒதுக்குனதை நான் எதிர்க்கல. ஆனா ஆவடியில செஞ்சு போற டி-90 டேங்க் லடாக்ல மரமே இல்லாத மலைல நிக்குது, குளிர்ந்த பாறைக்கு நடுவுல இன்ஜின் சூடு எவ்வளவு தூரத்துக்குத் தெரியும்னு யோசிங்க. அங்க ஒவ்வொரு டேங்க்குக்கும் நல்ல வலையும், பக்கத்துல சூடு விடுற ரெண்டு டம்மியும் இருக்கணும். ஆம்கா விலைல ஒரு துளியில அது முடிஞ்சுடும்.

இதெல்லாம் வாங்கினதுக்கு அப்புறம் ஒரு வேலை கட்டாயம். வாரா வாரம் சொந்த ட்ரோனை தெர்மல் கேமராவோட முகாமுக்கு மேல அனுப்பிப் பாக்கணும், ராத்திரி ஒரு தடவை, விடியுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, மழை பெஞ்சு ஓய்ஞ்சதும் ஒரு தடவை. கூடவே சிக்னல் யூனிட்டை விட்டு முகாமோட ரேடியோவை வெளில இருந்து ஒட்டுக்கேக்கச் சொல்லணும். அந்த வீடியோவையும் மேப்பையும் ஆஃபீசர் மட்டும் பாத்தா பத்தாது, வலை கட்டின சிப்பாய்க்கும் சமையல்காரருக்கும் காட்டணும், சமையல் அடுப்பு தெர்மல்ல எப்படித் தெரியுதுன்னு ஒரு தடவை கண்ணால பாத்தவங்க அடுத்த நாளே அடுப்பை மாத்தி வச்சிடுவாங்க.